பதிக வரலாறும் பதிகச் சுவையும்

தேவாரப் பதிப்புகளுள் எதனை விரித்தாலும் ஒவ்வொரு பதிகத்தின் தலைப்பிலும் தலத்தின் பெயரும் பண்ணின் பெயரும் நிற்கக் காணலாம். தருமபுரம் ஆதீனத்தின் உரைப்பதிப்புப் போன்ற விரிந்த பதிப்புகளில் இவற்றோடு இன்னொரு பகுதியும் உண்டு. இன்ன பதிகம் இன்ன இடத்தில், இன்ன நிகழ்ச்சியை ஒட்டிப் பாடப்பெற்றது என்று சில வரிகளில் கூறும் அப்பகுதிக்குப் ‘பதிக வரலாறு’ என்பது பெயர். ஓதுவார்க்கும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பதிகத்தின் வாயில் அதுவே. வாயிலில் நின்று கதை கேட்டுவிட்டு வீட்டுக்குள் நுழையாமலே திரும்புவோர் பலர் என்பதும் மறுக்கவியலாத உண்மை.

இவ்வரலாறுகளுக்கு மூலம் பெரும்பாலும் சேக்கிழாரின் பெரியபுராணமே. சம்பந்தரும் நாவுக்கரசரும் வாழ்ந்தது ஏழாம் நூற்றாண்டு. சேக்கிழார் பாடியதோ இரண்டாம் குலோத்துங்கன் ஆண்ட காலம் (1133–1150). இடையே ஏறத்தாழ 500 ஆண்டுகள் ஓடியிருந்தன. இவ்விடைவெளியை எண்ணும்போது, வரலாற்றிலிருந்து பதிகம் பிறந்ததா, பதிகத்திலிருந்து வரலாறு பிறந்ததா என்னும் வினா எழாமல் இராது. வகுப்பறைகளில் இவ்வினாவை எழுப்புவோர் குறைவு. திருமுறை ஓதும் போட்டிக்கு அணியமாகும் மாணவன் பதிகத்தைப் பிழையற மனனம் செய்கிறான். அதனால் விளைந்த அற்புதத்தையும் சொல்கிறான். பதிகத்துக்கும் அற்புதத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் விழிக்கிறான். மறுபுறம், அற்புதங்களை நம்ப மறுக்கும் பகுத்தறிவாளர் சிலர், வரலாற்றைத் தள்ளும்போது அதனுள் பொதிந்துள்ள இலக்கியத் திறனாய்வையும் சேர்த்தே தள்ளிவிடுகின்றனர். இருசாராரும் இழப்பது பெரிது. அவ்விழப்பின் அளவை ஒரு பதிகத்தைக் கொண்டே காட்டலாம்.

திருமயிலாப்பூரில் சம்பந்தர் பாடிய பூம்பாவைப் பதிகம் பத்து விழாக்களை வரிசையாகக் கூறுவது. அடியார்க்கு அமுதூட்டும் விழா, ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம், அட்டமி, பொற்றாப்பு, பெருஞ்சாந்தி என அது ஆண்டு முழுவதையும் சுற்றி வருகிறது. பாட்டுதோறும் பூம்பாவாய் என்று ஒரு பெண் விளிக்கப்படுகிறாள். இவ்விழாவைக் காணாமல் போகின்றாயோ என்று அவளிடம் கேட்கப்படுகிறது. அவ்வளவே. பதிகத்துள் இறப்பு என்ற சொல் இல்லை. குடமும் இல்லை, எலும்பும் இல்லை.

பதிக வரலாற்றை அறியாத ஒருவன் இப்பதிகத்தைப் படித்தால் அவனுக்குத் தோன்றுவது யாது? ஊரைவிட்டுப் புறப்படும் ஒரு பெண்ணைச் சுற்றத்தார் தடுத்து, ‘திருவிழா வருகிறதே, இருந்து பார்த்துவிட்டுப் போகக் கூடாதா?’ என்று கேட்கும் இனிய காட்சி தோன்றும். அது தவறான வாசிப்பென்று சொல்லிவிட முடியாது. விளக்கேற்றும் மகளிரும், நெய்யிட்ட சோறு படைத்துப் பூசம் கொண்டாடும் மகளிரும், மாசியில் கடலாடக் கூட்டங்கூட்டமாகச் செல்லும் ஊராரும் நிறைந்த பாட்டு அது. குடும்பம் குடும்பமாக மக்கள் வெளியே வந்து மகிழும் நாள்களின் பட்டியல் என்றே சொல்லலாம். ஆண்டுதோறும் பத்துமலைத் தைப்பூசத்தைக் காணும் மலேசிய மாணவர்க்கு, இப்பதிகத்தின் தைப்பூசம் மயிலைக் கபாலீச்சரத்துச் சிவபெருமானுக்குரியது என்பதே ஒரு புதுச் செய்தியாக இருக்கும். (முருகனுக்குரிய நாளாக மட்டும் பூசத்தை அறிந்தவர்க்கு இதனைக் காட்டாமல் விடும் ஆசிரியர், கையிலிருக்கும் செல்வத்தைப் பூட்டி வைப்பவர் ஆவார்.)

இனிப் பதிக வரலாறு வருகிறது. மயிலை வணிகர் சிவநேசரின் மகள் பூம்பாவை. சம்பந்தருக்கே உரியவள் என்று தந்தை வளர்த்த அப்பெண், பூக்கொய்யச் சென்றபோது அரவு தீண்டி இறக்கிறாள். அவளுடைய எலும்பையும் சாம்பலையும் சிவநேசர் குடத்திலிட்டுக் கன்னிமாடத்தில் வைத்துக் காக்கிறார். சம்பந்தர் வருகிறார், குடத்தைக் கோயிலின் முன் கொணரச் செய்து பாடுகிறார். இவ்வளவும் தெரிந்தபின் பதிகத்துக்குத் திரும்பினால், அதே சொற்கள் அப்படியே நிற்கின்றன. ஆயின் ‘போதல்’ என்னும் ஒரு வினையின் பொருள் மட்டும் அடியோடு மாறிவிடுகிறது. ஊரைவிட்டுப் போவது உலகைவிட்டுப் போவதாகிறது. விழாவுக்கு விடுக்கும் அழைப்பு வாழ்வுக்கு விடுக்கும் அழைப்பாகிறது. இறந்தவளை நோக்கி மறுமையையோ வினைப்பயனையோ பேசாமல், விளக்கையும் சோற்றையும் ஊஞ்சலையும் கடற்கரையையும் எடுத்துச் சொல்லி, இவற்றையெல்லாம் பாராமலா போகிறாய் என்று கேட்பதில் உள்ள துயரமும் துணிவும் வரலாறின்றித் தெரிய வழியில்லை.

எலும்பு பெண்ணாயிற்றா என்பது நம்பிக்கையைச் சார்ந்தது. திறனாய்வாளனுக்குரிய வினா வேறு. இப்பதிகத்தைச் சாவின் முன் நிறுத்திப் படிக்க வேண்டும் என்று முடிவு செய்த அறிவு எத்தகையது? சேக்கிழார் அதனைத் தம் காலத்து மரபிலிருந்து பெற்றிருக்கலாம். எவ்வாறு பெற்றிருப்பினும், ஒரு வினைச்சொல்லின் ஆழத்தைக் கண்டு அதற்கேற்ற களத்தை அமைத்த வாசிப்பு அது. அவ்வகையில் சேக்கிழாரைத் தேவாரத்தின் தலைசிறந்த திறனாய்வாளர் என்பது மிகையன்று. மா. இராசமாணிக்கனார் போன்றோர் சேக்கிழாரை வரலாற்று ஆராய்ச்சியாளராகக் கண்டனர், சி. கே. சுப்பிரமணிய முதலியார் தம் பேருரையில் பதிகங்களையும் புராணத்தையும் அருகருகே வைத்து விளக்கினார். இவ்விரு பணிகளுக்கும் இடையே, சேக்கிழார் பதிகத்தை எப்படிப் படித்தார் என்னும் பகுதி இன்னும் விரிவாக எழுதப்படவேண்டியதாகவே இருக்கிறது.

எல்லாப் பதிக வரலாறும் ஒரே தரத்தன அல்ல. சில பதிகங்கள் தம் வரலாற்றைத் தாமே சொல்கின்றன. திருநனிபள்ளி சம்பந்தரின் தாயார் பிறந்த ஊர். ஊரார் அழைப்பின்பேரில் பிள்ளையார் அங்குச் சென்றார் என்றும், தந்தையார் அவரைத் தோளில் சுமந்து சென்றார் என்றும் புராணம் கூறும். இது பிற்காலத்தார் புனைந்த இனிய ஓவியம் என்று ஒருவர் ஐயுறலாம். ஆயின் பதிகத்தின் கடைசிப் பாட்டைப் பார்த்தால், தந்தையின் தோள்மேல் இருந்து இசைத்த பாடல் இது என்று பாடியவரே சொல்லியிருக்கிறார். அதே பதிகத்தின் முதற்பாட்டில் காரை, களா, வாகை, கள்ளி எனச் செடியும் மரமும் அடுக்கடுக்காக வருகின்றன. அவை சிவபெருமான் ஆடும் சுடுகாட்டைச் சூழ்ந்தவை என்பது உண்மையே. ஆனால் தந்தையின் தோளில் அமர்ந்து, வழியோரம் கண்ட ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக்கொண்டு தாயின் ஊருக்குப் போகும் ஒரு பிள்ளையின் குரலை அந்த அடுக்கில் கேட்பவரைக் குறை சொல்லவும் இயலாது. பிள்ளையைத் தோளிலேற்றித் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்லாத தமிழ்க் குடும்பம் உண்டோ?

ஞானப்பால் வரலாறு இதனினும் சிக்கலானது. சீகாழிக் குளக்கரையில் மூன்று வயதுப் பிள்ளை அழுதது, அம்மை பொற்கிண்ணத்தில் பால் தந்தது, தந்தையார் சினந்து யார் தந்தது என்று கேட்டது ஆகியவை மாணவர் அனைவரும் அறிந்தவை. இதற்குரியதாகச் சொல்லப்படும் திருப்பிரமபுரப் பதிகத்தில் பாலும் இல்லை, கிண்ணமும் இல்லை, சினந்த தந்தையும் இல்லை. தோடும் விடையும் மதியும் நீறும் உடைய ஒருவன் உள்ளத்தைக் கவர்ந்தான் என்பதே அங்குள்ள பொருள். பொற்கிண்ணமும் தந்தையின் சினமும் வருவது வேறொரு பதிகத்தில், கழுமலத்தைப் பாடிய மூன்றாம் திருமுறைப் பாட்டில். அப்படியாயின் சேக்கிழார் திருப்பிரமபுரப் பதிகத்தைக் குளக்கரைக்குக் கொண்டுவந்தது எதனால்? அப்பதிகத்தின் பாட்டுகளில் ‘இவன்’ என்னும் சுட்டு வருவதைக் கருதுக. அண்மையில் நிற்பவனைக் காட்டும் சொல் அது. சுட்டு இருந்தால் சுட்டும் விரல் இருக்க வேண்டும். விரலுக்கு முன் ‘யார்?’ என்று கேட்டவர் ஒருவர் இருக்க வேண்டும். இலக்கணத்தில் சுட்டுப்பெயர் என்று நடத்திவிட்டுப் போகும் ஒரு சிறு சொல்லிலிருந்து தந்தையின் வினாவும் பிள்ளையின் விரலும் எழுந்து நிற்கின்றன. இலக்கணமும் இலக்கியமும் தனித்தனிப் பாடவேளை என்று பிரித்து வைத்திருக்கும் ஆசிரியர்கள் இவ்விடத்தில் சற்றே நிற்பது நலம்.

நண்பர் வருகையை ஒட்டிய வரலாறுகளில் சேக்கிழாரின் நுண்மை இன்னும் மிகுதியாகப் புலப்படும். நாவுக்கரசர் திருவாரூரில் ஆதிரைத் திருவிழாவைக் கண்டு மகிழ்ந்து திருப்புகலூருக்கு வருகிறார். அங்கே முருகநாயனாரின் மடத்தில் தங்கியிருந்த சம்பந்தர் அவரை எதிர்கொள்கிறார். வந்தவரிடம் முதலில் கேட்கப்படுவது ஆரூரின் சிறப்பு. அதற்கு விடையாக நாவுக்கரசர் பாடியதே ஆதிரைப் பதிகம் என்பது வரலாறு. அப்பதிகத்தில் முத்து விதானமும் வெண்கொடியும் உண்டு. மகளிரும் அடியாரும், தலைமாலை அணிந்த விரதிகளும் வீதியில் வருகின்றனர். வேண்டுதல் இல்லை, தன் பிணியையோ பிறவியையோ பற்றிய புலம்பலும் மேலோங்கவில்லை. பாட்டுதோறும், அந்த நாளின் இயல்பு இவ்வாறு இருந்தது என்னும் கருத்தோடு முடிப்பு அமைகிறது.

கோயிலில் இறைவன் திருமுன் நின்று பாடுகிறவர் அந்நாளின் இயல்பை இறைவனுக்கே எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விழாவைக் காணாத ஒருவரிடம் சொல்லும் குரல் அது. கண்டு வந்தவன் காணாதவனுக்கு உரைக்கும் நடை. இந்நடையைக் கண்டுகொண்ட சேக்கிழார், அதற்குரிய கேள்வியாளராகச் சம்பந்தரை எதிரே அமர்த்துகிறார். கேட்ட சம்பந்தருக்கு ஆரூரைக் காணும் வேட்கை பொங்கி உடனே புறப்படுகிறார். நாவுக்கரசர் புகலூரிலேயே தங்கிவிடுகிறார். இந்நிகழ்ச்சியில் அற்புதம் ஒன்றும் இல்லை என்பதால் வகுப்பறையில் இது பெரும்பாலும் தாண்டிச் செல்லப்படுகிறது. நண்பன் சொன்ன சொல்லைக் கேட்டு, அமர்ந்த இடத்திலிருந்து ஒருவர் எழுந்து புறப்பட்டுவிடுகிறார். சொல்லின் ஆற்றலுக்கு வேறென்ன சான்று வேண்டும்?

திங்களூர் வரலாறு மாறான இயல்புடையது. அப்பூதியடிகள் நாவுக்கரசரை நேரிற் காண்பதற்கு முன்பே அவருடைய பெயரைத் தம் மக்களுக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் சூட்டியவர். அப்பெயருக்குரியவரே ஒருநாள் வாயிலில் வந்து நிற்கிறார். விருந்து அமைகிறது. வாழைக்குருத்து அரியச் சென்ற மூத்த மகனை அரவு தீண்டுகிறது. விருந்து தடைப்படுமே என்று பெற்றோர் மகனின் உடலை மறைத்து வைத்து இலை விரிக்கின்றனர். திருநீறு அளிப்பதற்கு மூத்த மகனை அழையுங்கள் என்று விருந்தினர் கேட்க, இப்போது அவன் உதவமாட்டான் என்ற அளவில் தந்தை விடை சொல்கிறார். பெரியபுராணத்தில் மிகக் குறைந்த சொல்லில் மிகப் பெருந்துயரத்தைத் தாங்கி நிற்கும் இடங்களுள் இஃது ஒன்று. பொய் சொல்லவும் மனமில்லை, மெய் சொன்னால் விருந்தினர் உண்ணமாட்டார். அந்த நெருக்கடியில் பிறந்த சொல் அது.

இதற்குரிய பதிகமோ, ஒன்று முதல் பத்து வரை எண்ணிக்கொண்டு செல்வது. விடந்தீர்த்த திருப்பதிகம் என்று அதற்குப் பெயர் வழங்குகிறது. பாட்டுக்கு ஓர் எண். இறைவனுக்குரியவை அவ்வெண்ணுக்கு ஏற்பத் தொகுக்கப்படுகின்றன. ஐந்து என்னும் எண்ணில் அவன் ஆட்டும் அரவின் படமும் வருகிறது. எனினும் சிறுவன் இல்லை, அப்பூதி இல்லை, திங்களூரின் பெயர்கூட இல்லை. பதிப்புகளும் இதனைப் பொதுப் பதிகம் என்றே வைக்கின்றன. இங்கே பதிகத்தின் உள்ளிருந்து வரலாற்றைப் பிழிந்தெடுப்பது அரிது. அரவின் படம் என்னும் ஒரு குறிப்பைக் கொண்டு கட்டிய மாளிகை இது என்று ஒருவர் கூறினால், அதனை மறுக்கப் பதிகம் உதவாது. மரபு வழிவந்த செய்தியைச் சேக்கிழார் போற்றி உரைத்தார் என்று கொள்வதே நேர்மையான முடிவு. பதிகத்தின் எண்வரிசையில் சிறுவனின் மூச்சு மெல்ல மெல்லத் திரும்பும் ஒலியைக் கேட்கலாம் என்று உரைக்கும் விளக்கங்கள், படிப்பவரின் கற்பனைக்குப் பெருமை சேர்க்குமேயன்றிப் பதிகத்துக்குச் சேர்க்கா.

ஆயினும் அப்பூதி கற்பனை மாந்தர் அல்லர். திங்களூரின் அண்மையிலுள்ள திருப்பழனத்தைப் பாடிய பதிகமொன்றில் நாவுக்கரசரே அவரைப் பெயர் சொல்லிப் பாடியிருக்கிறார். வேள்வித் தீ வளர்ப்பவர், இறைவன் திருவடியைத் தலையில் பூவாகச் சூடியவர் என்ற இரண்டு குறிப்புகள் அங்கு உள்ளன. அதுவும் எத்தகைய பதிகத்தில்? தலைவனைப் பிரிந்த பெண்ணின் கூற்றாக அமைந்த அகத்துறைப் பதிகத்தில், கடைசிப் பாட்டில். காதலியின் குரலில் பாடிக்கொண்டு வந்தவர், முடிக்கும் இடத்தில் நண்பரின் பெயரை வைத்துவிட்டுப் போகிறார். திங்களூர் வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் எண்வரிசைப் பதிகத்தோடு நின்றுவிடாமல் இப்பழனப் பாட்டையும் மாணவர் கையில் கொடுத்தால், எது மரபு சொன்னது, எது பாடியவரே சொன்னது என்னும் வேறுபாட்டை மாணவரே கண்டுகொள்வர். வேறுபாடு கண்டபின்பும் அந்த விருந்தின் கதை சுவை குன்றுவதில்லை.

இவ்வாறு பிரித்துப் படிக்கும் முறைக்கு ஒரு மறுப்பு உண்டு. பக்திப் பாடலை இவ்வளவு அலசுவது தகுமா, நம்பிக்கையுள்ள பிள்ளைகளின் உள்ளத்தில் ஐயத்தை விதைப்பதாகாதா என்று பெற்றோர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் இன்றைய நிலையில் பிள்ளைகளிடம் இருப்பது பெரும்பாலும் கதை பற்றிய நினைவு. பாட்டைப் பற்றிய அறிவன்று. ‘இப்பதிகத்தால் நிகழ்ந்த அற்புதம் யாது?’ என்று கேட்டால் கை உயர்த்தும் மாணவர், ‘இப்பதிகத்தில் யார் யாரிடம் பேசுகிறார்?’ என்று கேட்டால் தலை குனிகின்றனர். ஐயம் எழுவதற்கும் பாட்டைப் படித்திருக்க வேண்டும். தவிரவும், ஏறத்தாழ 800 பதிகங்களுள் பெரும்பாலானவற்றுக்கு, இத்தலத்தை வணங்கியபோது அருளிச் செய்தது என்பதற்கு மேல் வரலாறு கிடையாது. கதையுள்ள சில பதிகங்களே திரும்பத் திரும்ப ஓதப்பட, கதையற்ற நூற்றுக்கணக்கான பதிகங்கள் ஏட்டிலேயே உறங்குகின்றன. பதிக வரலாற்றின் புகழ் தேவாரத்துக்குச் செய்திருக்கும் தீங்கு இது. சேக்கிழார் இதற்குப் பொறுப்பாகார்.

சுந்தரரின் பதிகங்களில் நிலைமை வேறு. வாழ்க்கையே அவருக்குப் பாட்டுப் பொருள். வீட்டில் பரவையார் வாடுகிறார், குண்டையூரில் கிடைத்த நெல்லை எடுத்துவர ஆளில்லை என்பதுபோன்ற குறைகளை அவரே பதிகத்தில் எடுத்துச் சொல்லிவிடுகிறார். எனவே அவர் பதிகங்களுக்கு வரலாறு எழுதுவது எளிது என்று தோன்றும். திருமுருகன்பூண்டிப் பதிகம் அவ்வெண்ணத்தைத் திருத்துகிறது.

சேரமான் பெருமாள் திருவாரூருக்கு வந்து சுந்தரரைக் கண்டு நட்புப் பூண்டார். இருவரும் சேர்ந்து மறைக்காடு, மதுரை முதலிய தலங்களை வழிபட்டனர். பின்னர் சுந்தரர் சேரமானின் கொடுங்கோளூருக்குச் சென்று விருந்தினராக இருந்தார். நாள்கள் சென்றபின் ஆரூர் நினைவு மேலிட்டுப் புறப்பட்டபோது சேரமான் பொன்னும் மணியும் ஆடையும் சுமைசுமையாகக் கொடுத்து அனுப்பினார். திருமுருகன்பூண்டி வழியில் வேடுவர் வந்து அனைத்தையும் பறித்தனர். வந்தவர் சிவபூதங்கள் என்றும், தாம் கொடுப்பதன்றிப் பிறர் கொடுப்பதைத் தம் தோழர் பெறுவதை இறைவன் விரும்பவில்லை என்றும் சேக்கிழார் கூறுவார்.

பதிகத்தைத் திறந்தால், அங்கே பொன்னும் இல்லை, சேரமானும் இல்லை. வடுக வேடுவர் வழிப்போக்கரை மிரட்டிக் குத்திக் கட்டிய கூறையைப் பறித்துக்கொள்ளும் ஊர் இது என்று சுந்தரர் விவரிக்கிறார். வேடுவரின் வில்லும் முரட்டுத் தோற்றமும் கண்முன் வருகின்றன. இவ்வளவையும் சொல்லிவிட்டு, இப்படிப்பட்ட இடத்தில் எதற்காக வந்து குடியிருக்கிறீர் என்று இறைவனையே கேட்கிறார். பறிபோனதைத் திருப்பித் தா என்று நேராகக் கேட்பதில்லை. மோசமான தெருவில் வீடு எடுத்திருக்கும் நண்பனைப் பார்க்கப் போனவன், வழியில் பட்ட பாட்டையெல்லாம் சொல்லிக் கடிந்துகொள்ளும் உரிமைக்குரல் அது. பறிகொடுத்தவரின் வாயில் நகையும் எரிச்சலும் ஒருங்கே வருகின்றன.

சேக்கிழாரின் வரலாறு இப்பதிகத்துக்குச் சேர்த்தது என்ன, மறைத்தது என்ன என்று இரண்டையும் கேட்க வேண்டும். கூறையைப் பொற்சுமையாக்கியதில் வழிப்போக்கரின் எளிய துன்பம் சற்றே மறைந்துவிட்டது. பதிகத்தின் வேடுவர் உண்மையான வேடுவர். பூதங்களாக மாறியபின் அவர்கள்மேல் அச்சம் எழுவதில்லை. ஆனால் அவ்வரலாறு சேர்த்த ஒன்று உண்டு. மனித நண்பர் ஒருவர் விடைகொடுத்து அனுப்பிய வழியில், தெய்வ நண்பர் குறுக்கே வந்து நிற்கிறார். ஒரு நட்பின் பரிசை மற்றொரு நட்பு பறித்துக்கொள்கிறது. பறிகொடுத்தவரோ பரிசை மறந்துவிட்டு, இந்த ஊரில் ஏன் இருக்கிறீர் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார்.